அந்தப் பொடி கரைக்குமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தானே நீங்கள், இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மறதி நோய்க்குக் காரணம் மூளையில் படியும் புரதக் கட்டிகளாம். மஞ்சளும் இன்னும் சில மூலிகைகளும் சேர்ந்த ஒரு பொடியை ஒரு மண்டலம் பாலில் கலந்து குடித்தால் அவை கரைந்துவிடுமாம். விலையும் போட்டிருந்தது, என் ஒரு மாதப் பென்ஷனில் பாதி. அதற்குக் கீழே அக்கா மகன், "சித்தி, நீங்க சயின்ஸ் டீச்சர். அம்மாவுக்கு வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான்.

"வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் சிவப்பு மையில் தப்புப் போடும் பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் அக்காவைப் பழைய மாணவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முறத்தில் அரிசியைப் பரப்பி, என் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்தவள் அவள்தான். இன்று நான் போனால், "வாங்க, நீங்க எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்கிறாள்.

நான் வைத்திருப்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும். எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுத்தவள். எனக்கு இந்த விஷயத்தைச் சொல்லித்தந்தவள் நம் பள்ளியில் படித்து, இப்போது கணினி வேதியியலில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி. மூன்று மாலை போனில் பாடம் எடுத்தாள். நோட்டில் குறித்துக்கொண்டு, நானும் தேடிப் படித்தேன். சரியாக இருப்பது அவளுடையது, பிழை இருந்தால் என்னுடையது.

கதை 1854-இல் தொடங்குகிறது. ஜெர்மனியின் பெரிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ மனிதத் திசுக்களைச் சோதிக்கும்போது, சில படிவுகள் அயோடின் பட்டதும் நிறம் மாறுவதைப் பார்த்தார். வகுப்பில் வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் அயோடின் சொட்டுவிட்டு, நீலக் கறுப்பாக மாறியதும் "டீச்சர், ஸ்டார்ச்!" என்று கத்துவீர்களே, அதே சோதனைதான். அவரும் உங்களைப் போலவே ஸ்டார்ச் என்று நினைத்தார். ஸ்டார்ச்சுக்கு லத்தீனில் அமைலம். அதனால் 'அமிலாய்டு' என்று பெயர் வைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1859-இல் ஃப்ரீட்ரைக், கெக்குலே என்ற இருவர் அது மாவுப்பொருள் அல்ல, புரதம் போன்றது என்று காட்டினார்கள். பென்சீன் வளையத்தால் பின்னாளில் புகழ்பெற்ற அதே கெக்குலேதான். விஷயம் திருத்தப்பட்டது, தப்பான பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து 1901. பிராங்க்பர்ட் மருத்துவமனையில் ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருவரைச் சேர்த்தார்கள். மறதி, குழப்பம், பயம். பெயரை எழுதச் சொன்னால் தொடங்குவார், முடிக்க முடியாது. அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906-இல் அந்தப் பெண் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகள், செல்களுக்கு உள்ளே முடிச்சு விழுந்த இழைகள். அந்த ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் இதைப் பற்றிப் பேசினார். வெளியே இருப்பது அமிலாய்டு பீட்டா என்ற புரதத்துண்டு, உள்ளே இருப்பது டௌ என்ற புரதம். இது தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1984-இல்தான் கிளென்னரும் வோங்கும் அமிலாய்டு பீட்டாவைப் பிரித்தெடுத்தார்கள்.

சரி, அந்தப் படிவு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு துப்பு வந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம், கம்பளித் தொழில் ஊர். அங்கே கம்பளி இழைகளை எக்ஸ் கதிரால் ஆராய்ந்துகொண்டிருந்த வில்லியம் ஆஸ்ட்பரி, 1935-இல் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவை இழுத்து நீட்டி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். இழுத்த திசைக்குக் குறுக்கே புரதச் சங்கிலிகள் ஏணிப்படிகள் போல அடுக்கியிருப்பதைப் படம் காட்டியது. 1959-இல் கோஹனும் கால்கின்ஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அமிலாய்டைப் பார்த்தபோது அது நீளநீளமான இழைகளாகத் தெரிந்தது. 1968-இல் ஈன்ஸும் கிளென்னரும் அந்த இழைகளை எக்ஸ் கதிரில் பார்த்தார்கள். அதே ஏணிப்படி அமைப்பு! ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.48 நானோமீட்டர்.

இங்கே நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் என்ற பேராசிரியர் இருந்தார். எர்ணாகுளத்தில் பிறந்தவர், சி. வி. ராமனின் மாணவர். அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். (சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் நோபல் பெற்ற ராமகிருஷ்ணன் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில் திருப்பம் உண்டு. எந்தெந்தக் கோணத்தில் திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும்? இன்றைய கம்ப்யூட்டர் இல்லை. மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோணமாகக் கணக்குப் போட்டார்கள். பெரும்பாலான கோணங்கள் நடக்காதவை என்று வந்தது. அனுமதி கிடைத்தவை சில தீவுகள்தான். ஒரு தீவில் சுருள் வடிவம், இன்னொன்றில் நீட்டிய பீட்டா வடிவம். அமிலாய்டின் ஏணிப்படி அந்த இரண்டாவது தீவில்தான் இருக்கிறது. இன்றைக்கும் உலகில் யார் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

அணு எங்கே இருக்கலாம் என்பதைக் கணக்காலேயே சொல்லலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அடுத்த கேள்வி, அணு எப்படி அசைகிறது என்பது. அதைக் கணக்கிடுவதற்குத்தான் சிமுலேஷன் என்று பெயர்.

என் மாணவி இதை இப்படி விளக்கினாள்: "டீச்சர், நியூட்டனின் இரண்டாம் விதி தெரியுமில்ல? அவ்வளவுதான்." ஒவ்வொரு அணுவின் மேலும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கூட்டு. அந்த விசையில் அது எவ்வளவு நகரும் என்று கண்டுபிடி. எல்லா அணுவையும் கொஞ்சம் நகர்த்து. மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போடு. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு தெரியுமா? ஒரு வினாடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் பத்துக் கோடியால் வகுத்தால் கிடைக்கும் நேரம். நம் ஆயுள் முழுவதும் பேப்பரில் போட்டாலும் ஓர் இமைப்பொழுது நகராது.

இந்தக் கணக்கை நிஜத் திரவம் ஒன்றுக்குப் போட்டுக் காட்டியவர் ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில், 1964-இல், 864 ஆர்கான் அணுக்களைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டார். 1971-இல் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 தண்ணீர் மூலக்கூறுகள். 1977-இல் மெக்கம்மன், ஜெலின், கார்ப்ளஸ் மூவரும் முதன்முதலாக ஒரு முழுப் புரதத்தை அசைய வைத்தார்கள். மாட்டின் கணையத்தில் இருக்கும் 58 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் அது. பிடிக்க முடிந்தது ஏறத்தாழ ஒன்பது பிகோவினாடி. பிகோவினாடி என்பது வினாடியில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இதே புரதத்தை 2010-இல் 'ஆன்டன்' என்ற தனிச்சிறப்பான கம்ப்யூட்டரில் ஒரு மில்லிவினாடி ஓட்டினார்கள். முப்பத்து மூன்று வருடத்தில் பத்துக் கோடி மடங்குக்கும் மேல்! பிறகு 2013-இல் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். மூளையில் அமிலாய்டு படிய வருடக்கணக்காகும். கம்ப்யூட்டர் பார்ப்பதோ பெரும்பாலும் மில்லிவினாடிகூட இல்லை. அதனால் முழுப் பாடத்தையும் விட்டுவிட்டு, அதன் உயிரான ஒரு வரியை எடுத்துக்கொண்டார்கள். அமிலாய்டு பீட்டாவில் 16 முதல் 22 வரை உள்ள ஏழு அமினோ அமிலங்கள். அந்த ஏழும் தனியாக இருந்தாலே இழையாகக் கோத்துக்கொள்ளும்.

2002-இல் புயோங் மா, ரூத் நுசினோவ் இருவரும் அந்தத் துண்டுகளைக் கம்ப்யூட்டருக்குள் அடுக்கிவைத்து, சூடேற்றி, எந்த அடுக்கு நிற்கிறது, எது கலைகிறது என்று பார்த்தார்கள். 2003-இல் கிளிமோவும் திருமலையும் சிதறிக் கிடக்கும் துண்டுகள் எப்படி ஒன்றுசேர்கின்றன என்று பார்த்தார்கள். சிமுலேஷனின் பெரிய வசதி இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம். தண்ணீரை வெறுக்கும் ஒரு பக்கக்கிளையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? முனையில் இருக்கும் மின்னூட்டத்தை அழித்துவிட்டால்? எதை எடுத்தாலும் அடுக்கு தளர்ந்தது. அதாவது ஒரே ஒரு பசை இல்லை. பல சின்னப் பிடிப்புகள் சேர்ந்துதான் அதை நிறுத்தி வைக்கின்றன.

அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் பிடிப்பு, ஏணியின் படிகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள். ஒவ்வொன்றும் பலவீனமானது. ஆனால் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இவை புரதத்தின் முதுகெலும்பில் இருப்பவை, எல்லாப் புரதத்துக்கும் பொதுவானவை. அதனால்தான் கிறிஸ்டோபர் டாப்சனும் அவர் குழுவினரும் நோயோடு சம்பந்தமே இல்லாத தசைப் புரதமான மயோகுளோபினைக்கூட 2001-இல் சோதனைக்குழாயில் அமிலாய்டு இழையாக மாற்றிக் காட்ட முடிந்தது. இந்த பீட்டா அடுக்கு கெட்டது என்று நினைக்காதீர்கள். நம் பட்டுப்புடவையின் உறுதியும் பட்டுப்புழுவின் நூலில் உள்ள இதே மாதிரி பீட்டா அடுக்குகளால் வருவதுதான்.

இரண்டாவது பிடிப்பு, தகடும் தகடும் பூட்டிக்கொள்வது. 2005-இல் டேவிட் ஐசன்பர்க் குழுவினர், ஈஸ்ட்டின் ஒரு புரதத்திலிருந்து எடுத்த ஏழு அமினோ அமிலத் துண்டின் படிகத்தை எக்ஸ் கதிரில் படம் பிடித்தார்கள். இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்துப் பாருங்கள். அப்படித்தான் ஒரு தகட்டின் பக்கக்கிளைகள் அடுத்த தகட்டின் இடுக்கில் போய் உட்கார்ந்திருந்தன. நடுவே ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் இடமில்லை.

தண்ணீரை விரும்பும் கிளைகள் உள்ள துண்டு அது. தண்ணீர் எப்படி வெளியே போனது? 2010-இல் ரெட்டி, ஸ்ட்ராப், திருமலை ஆகியோர் சிமுலேஷனில் அதைப் பார்த்தார்கள். இரண்டு தகடுகளும் நெருங்கும்போது, நடுவில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையாக, கம்பி போல மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் நிற்கின்றன. பிறகு அவையும் வெளியேறியதும் பூட்டு விழுகிறது. அமிலாய்டு பீட்டாவின் தண்ணீரை வெறுக்கும் துண்டிலோ தண்ணீர் சட்டென்று காலியாகிவிடுகிறது. மாணவி இதைச் சொன்னபோது நான் போனைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்த நுண்ணோக்கியும் நேரில் பார்க்காத ஒரு கணத்தைக் கணக்கு காட்டித் தருகிறது.

மூன்றாவது, எதிர் எதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு. அந்த ஏழில் ஒரு முனை நேர், மறுமுனை எதிர். தலையும் காலும் மாறிமாறிப் படுத்தால் நேரும் எதிரும் பக்கத்தில் வரும். அதனால் துண்டுகள் அப்படியே அடுக்கிக்கொள்கின்றன.

சிமுலேஷன் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அணுக்களுக்கு இடையே உள்ள விசைக்கு எந்தச் சூத்திரம் போடுகிறோமோ, அதைப் பொறுத்து விடை கொஞ்சம் மாறும். 2017-இல் கேம்பிரிட்ஜில் அல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்தே எடுத்த டௌ இழைகளை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 2022-இல் மூளையிலிருந்து எடுத்த அமிலாய்டு பீட்டா இழைகளையும் பார்த்தார்கள். சோதனைக்குழாயில் வளர்த்த இழையின் மடிப்பும் மூளையில் இருப்பதன் மடிப்பும் ஒன்றாக இல்லை. ஆனால் ஏணிப்படி அடுக்கு மாறவில்லை.

இப்போது பொடிக்கு வருவோம். மஞ்சளில் உள்ள குர்குமின் சோதனைக்குழாயில் அமிலாய்டு இழைகளோடு ஒட்டும் என்பது உண்மைதான். விளம்பரக்காரர்கள் அந்த உண்மையில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதி இது: குடித்த குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. உறிஞ்சப்படும் கொஞ்சமும் சீக்கிரம் சிதைந்துவிடும். அதையும் தாண்டி மூளைக்குப் போனாலும், தண்ணீரே நுழையாத பூட்டுக்குள் அது எப்படி நுழையும்? மூளையில் இருந்து எடுத்த இந்தப் படிவைக் கரைக்க ஆய்வகத்தில் அடர்ந்த ஃபார்மிக் அமிலம் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பாலில் கலந்த பொடியால் ஆகிற காரியமா அது?

உண்மையான மருந்தே எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றும் பாருங்கள். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெகானெமாப் என்ற எதிர்ப்புரத மருந்து, படிவைக் குறைக்கிறது. பதினெட்டு மாதச் சோதனையில் நோயின் சரிவு ஏறத்தாழ 27 சதவீதம் மெதுவானது. மெதுவானது, அவ்வளவுதான். போன நினைவு திரும்பவில்லை. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கலாம். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் உண்டு. படிந்த பிறகு கரைப்பதைவிட, பூட்டு விழும் முன்பே தடுப்பதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு எந்தப் பிடிப்பு எப்போது விழுகிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இந்தப் பிள்ளைகள் இரவும் பகலும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. ஐந்து வருடத்துக்கு முன் அக்கா ஒரே கேள்வியை ஒரு மதியத்தில் ஏழெட்டுத் தடவை கேட்டாள். "எத்தனை தடவை சொல்றது? கவனிக்க மாட்டியா?" என்று கத்தினேன். பின்பெஞ்சுப் பையன்களை அதட்டும் அதே குரல். அவள் முகம் சுருங்கிப் போனது. பிடிவாதம், கவனக்குறைவு, வயசானால் இப்படித்தான் என்றெல்லாம் நினைத்தேன். அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்ததை வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வகுப்பிலும் இப்படி யாரையாவது அதட்டியிருப்பேன். அவர்கள் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

அக்கா மகனுக்கு என் பதில்: வாங்க வேண்டாம், கண்ணா. அந்தப் பணத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் உதவிக்கு ஓர் ஆள் வை. உன் மனைவி ராத்திரி சரியாகத் தூங்கி எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டுப் பார். வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். சனி, ஞாயிறு அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள்.

மற்றவர்களுக்கு: வீட்டில் யாருக்காவது மறதி தொடங்கினால் முதலில் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, பி12 குறைபாடு போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். எல்லா மறதியும் அல்சைமர் இல்லை.

போன தடவை போனபோது முறத்தில் அரிசியைப் பரப்பி அக்கா முன்னால் வைத்தேன். விரலைப் பிடித்து 'அ' எழுதினேன். சிரித்துக்கொண்டே, "நல்லா சொல்லித் தர்றீங்களே, டீச்சரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை அந்த மாணவியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்